கியூ சம்பான் தன் கையால் யாரையும் கொல்லவில்லையே, பிறகு ஏன் ஆயுள் தண்டனை?

கேள்வி இதுதான். கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் கம்போடியாவின் அரசுத் தலைவராக இருந்த கியூ சம்பான் ஒருவரையும் நேரில் கொன்றதில்லை. லஞ்சம் தொடாதவர் என்று அவருடைய எதிரிகளே சொல்லியிருக்கிறார்கள். உண்மையான அதிகாரம் முழுக்க கட்சித் தலைவர் போல் பாட் கையில் இருந்தது. அப்படியிருக்க, பெயருக்குத் தலைவராக உட்கார்ந்திருந்த ஒருவருக்கு இரண்டு வழக்குகளில் ஆயுள் தண்டனை கொடுத்தது நியாயமா?

பல ஆண்டுகளாக அந்த விசாரணையைப் பின்தொடர்ந்து படித்து வருகிறேன். இந்தக் கேள்வி என்னையும் நிறைய நாள் குடைந்தது. இப்போது எனக்குத் தெளிவாக இருப்பது ஒன்று: அவருடைய நேர்மைதான் அந்தக் குற்றத்தில் அவர் போட்ட முதல். அதை விளங்கிக்கொள்ள, கதையைச் சிறுவயதிலிருந்தே சொல்ல வேண்டும்.

1931 ஜூலை 27 அன்று, வியட்நாம் எல்லையை ஒட்டிய ஸ்வாய் ரியெங் மாகாணத்தில் பிறந்தார். அப்பா பிரெஞ்சுக் காலனி ஆட்சியில் நீதிபதி. மகன் சிறுவனாக இருந்தபோதே அப்பா ஊழல் வழக்கில் சிக்கிச் சிறைக்குப் போனார். அம்மா கம்போங் சாம் ஊரில் காய்கறியும் பழமும் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். லஞ்சம் ஒரு வீட்டை எப்படிக் கவிழ்க்கும் என்பதைக் கூடவே இருந்து பார்த்த பையன் இவர். பின்னாளில் அவர் காசு விஷயத்தில் காட்டிய பிடிவாதத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நன்றாகப் படித்தார். தலைநகர் புனோம் பென்னில் சிசொவாத் பள்ளி, பிறகு உதவித்தொகையில் பிரான்ஸ். மோம்பெலியே நகரில் பொருளாதாரம் படித்துவிட்டு, 1959இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வின் பொருள் கம்போடியாவின் பொருளாதாரமும் தொழில் வளர்ச்சியும். இந்த ஆய்வேட்டைப் பற்றி ஒரு தவறான கதை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நகரங்களைக் காலி செய்வதும் பணத்தை ஒழிப்பதும் அதிலேயே திட்டமாக எழுதப்பட்டிருந்தது என்பார்கள். அப்படி எதுவும் அதில் இல்லை. வெளிநாட்டு ஆடம்பரச் சரக்கு வந்து குவிவதால் உள்நாட்டுத் தொழில் நசிகிறது, அதனால் இறக்குமதிக்குக் கடிவாளம் போட வேண்டும், உற்பத்திக்கு உதவாத வேலைகளில் இருப்பவர்களை உற்பத்திக்குத் திருப்ப வேண்டும் என்று வாதிடுகிறது. உள்நாட்டு முதலாளிகளுக்கும் அதில் இடம் உண்டு. அந்தக் காலத்தில் மூன்றாம் உலக நாடுகளின் பொருளாதார மாணவர்கள் பலர் எழுதிய வகையான ஆய்வு அது. அந்த ஏட்டை வைத்து அவரைக் குற்றவாளி ஆக்குவது சோம்பேறித்தனம். குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது.

நாடு திரும்பியதும் 'லோப்சர்வேத்தர்' என்ற பிரெஞ்சுப் பத்திரிகையைத் தொடங்கினார். ஆட்சி சிஹானூக்குடையது. மன்னர் பதவியைத் துறந்துவிட்டு அரசியலுக்கு வந்தவர், தன்னை விமர்சிப்பவர்களைப் பொறுக்காதவர். 1960 ஜூலையில் ஒரு நாள், சம்பானை நடுத்தெருவில் வழிமறித்தார்கள். அடித்தார்கள். உடைகளை உரிந்து, நிர்வாணமாக நிறுத்திப் படம் பிடித்தார்கள். செய்தவர்கள் போலீஸ்காரர்கள் என்பது ஊரறிந்த ரகசியம். அடுத்த மாதமே பத்திரிகையை மூடி, அவரைச் சிறையில் தள்ளினார்கள்.

பொருளாதார டாக்டர் பட்டம் வாங்கி வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கூச்ச சுபாவம் கொண்ட, 29 வயதைத் தொட்டுக்கொண்டிருந்த மனிதர். இந்த அவமானத்தை நான் சிறியதாகச் சொல்ல மாட்டேன். இதற்குப் பிறகு அவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதைப் புரிந்துகொள்ள முடியும். ஆனால் அடுத்து நடந்தது பலர் எதிர்பார்க்காதது. தன்னை அப்படி நடத்திய அதே சிஹானூக்கின் இயக்கத்தின் சார்பில் 1962இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். வர்த்தகத் துறையையும் சில காலம் கவனித்தார். இறக்குமதி உரிமங்கள் கைமாறும் துறை அது, காசு கொட்டும் நாற்காலி. அதில் உட்கார்ந்தும் கை நீட்டாமல் இருந்தார், எளிமையாக வாழ்ந்தார். அமைச்சர் என்றால் பங்களாவும் கமிஷனும் என்று பழகிப்போயிருந்த புனோம் பென்னில் இது பெரிய விஷயம். மாணவர்களும் ஆசிரியர்களும் அவரைக் கொண்டாடினார்கள். அந்தப் பெயர் அவர் உழைத்துச் சம்பாதித்தது. பொய்ப் பெயர் அல்ல.

1967இல் மேற்கே சம்லோத் பகுதியில் விவசாயிகள் கலகம் செய்தார்கள். நெல்லைக் குறைந்த விலைக்கு அரசு வலுக்கட்டாயமாகப் பிடுங்கியது கலகத்தின் உடனடிக் காரணம். சிஹானூக் இடதுசாரிகள்மேல் பழி போட்டார். ஏப்ரலில் சம்பானும் அவருடைய நண்பர் ஹூ யூனும் ஒரே நாளில் காணாமல் போனார்கள். பின்னர் இன்னொரு இடதுசாரி உறுப்பினர் ஹூ நிம்மும் போனார். போலீஸ் கொன்று புதைத்துவிட்டது என்றே ஊர் நம்பியது. உண்மையில் மூவரும் காட்டில் கம்யூனிஸ்ட் கட்சியினரோடு இருந்தார்கள். 1970இல் அவர்கள் பெயரால் அறிக்கைகள் வெளிவந்தபோது, செத்தவர்கள் எழுந்து வந்ததுபோல இருந்தது. 'மூன்று பேய்கள்' என்றே அவர்களை அழைத்தார்கள். இந்த மூவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்கள்.

1970 மார்ச் 18 அன்று பிரதமர் லோன் நோல் தலைமையில் சிஹானூக்கைக் கவிழ்த்தார்கள். பெய்ஜிங்கிலிருந்த சிஹானூக், நேற்றுவரை வேட்டையாடிய கம்யூனிஸ்டுகளோடு கூட்டணி வைத்தார். அந்தக் கூட்டணி அரசில் சம்பான் துணைப் பிரதமர், பாதுகாப்பு அமைச்சர், படைத் தலைவர். படையை நடத்தியது போல் பாட். ஆனால் 'போல் பாட்' என்ற பெயரை அப்போது யாரும் கேள்விப்பட்டதே இல்லை. சலோத் சார் என்ற அவருடைய உண்மைப் பெயரும் மக்களுக்குப் பெரிதாகத் தெரியாது. மக்களுக்குத் தெரிந்தது சம்பான்தான், அந்த லஞ்சம் வாங்காத வாத்தியார். அமெரிக்க விமானங்கள் 1973 ஆகஸ்ட் 15 வரை கிராமங்கள்மேல் குண்டு பொழிந்தன, லோன் நோல் ஆட்சியில் ஊழல் தலைவிரித்தாடியது. 'காட்டில் இருப்பவர்கள் வந்தால் நல்லதுதான், சம்பான் போன்றவர்கள்தானே' என்று படித்தவர்கள் நம்பியதில் வியப்பில்லை.

நம்பிக்கை எந்த அளவுக்குப் பயன்பட்டது என்பதற்கு 1975 பிப்ரவரி ஓர் எடுத்துக்காட்டு. சம்பான் தலைமை தாங்கிய மாநாடு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: லோன் நோல் உள்ளிட்ட ஏழு பெருந்துரோகிகளுக்கு மட்டுமே மரணம், மற்ற அதிகாரிகளும் படைவீரர்களும் எதிரியைக் கைவிட்டு வந்தால் புதிய நாட்டில் அவர்களுக்கு இடம் உண்டு. சம்பான் பெயரில் வந்த வாக்குறுதி அல்லவா? ஏப்ரல் 17 அன்று புனோம் பென் கெமர் ரூஜ் கையில் விழுந்தபோது எத்தனையோ அதிகாரிகள் ஓடாமல் நின்றதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம். அடுத்த சில நாட்களில் ஏழு பேர் என்ற கணக்கு எங்கே போனது என்றே தெரியவில்லை. பழைய அதிகாரிகளையும் படைவீரர்களையும், பொறுப்பு என்ன என்று கேட்டுப் பெயரைப் பதிந்துகொண்டு, அழைத்துப்போய்க் கொன்றார்கள்.

அதே ஏப்ரல் 17 அன்றுதான் தலைநகரைக் காலி செய்யத் தொடங்கினார்கள். அமெரிக்கர்கள் குண்டு போடப் போகிறார்கள், மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லி, போரால் வந்து குவிந்திருந்த அகதிகளோடு சேர்த்து 20 லட்சத்துக்கும் குறையாத மக்களை, கம்போடியாவில் வெயில் உச்சத்தில் இருக்கும் மாதத்தில், சாலையில் நடக்கவிட்டார்கள். மருத்துவமனைகளும் தப்பவில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தவர்களைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு உறவினர்கள் நடந்தார்கள். யாரும் மூன்று நாளில் திரும்பவில்லை. சந்தை போனது, பணம் போனது, பள்ளிக்கூடமும் பௌத்த விகாரையும் போயின. மத்திய வங்கிக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

இனி நாற்காலிக்கு வருவோம். 1976 ஏப்ரலில், பெயரளவில் அரசுத் தலைவராக இருந்த சிஹானூக் விலகியதும் சம்பான் அரசுத் தலைவர் ஆனார். 'எனக்கு அதிகாரமே இல்லை' என்பதுதான் பிற்காலத்தில் அவருடைய வாதம். தன் வேலை சிஹானூக்கைக் கவனித்துக்கொள்வதும், பொருள்களுக்கு விலை நிர்ணயிப்பதும், கூட்டுறவுப் பண்ணைகளுக்கு உப்பு, துணி போன்றவற்றைப் பகிர்ந்து அனுப்புவதும்தான் என்றார். பெயருக்குத் தலைவர் என்பது ஓரளவு உண்மை. முடிவெடுத்த கட்சி நிலைக்குழுவில் அவர் உறுப்பினர் இல்லை. ஆனால் அதன் கூட்டங்கள் பலவற்றில் உட்கார்ந்திருந்தார். அதற்கு மேலாக, கட்சியின் மத்தியக் குழுவில் முழு உறுப்பினர். 1976 மார்ச் 30 தேதியிட்ட மத்தியக் குழு முடிவு ஒன்று ஆவணமாகக் கிடைத்திருக்கிறது. யாரை 'நொறுக்கும்' உரிமை எந்தக் குழுவுக்கு என்று அதில் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள்: மண்டலத்துக்கு இன்ன குழு, மைய அலுவலகங்களுக்கு இன்ன குழு, படைக்கு இன்ன அமைப்பு. கெமர் மொழியில் 'கம்தேச்' என்ற சொல். தூள்தூளாக்குவது என்று பொருள். கொலை என்பதற்குக் கட்சிக்காரர்கள் புழங்கிய சொல் அதுதான்.

புனோம் பென்னில் துவோல் ஸ்லெங் என்ற பள்ளிக்கூடத்தைச் சிறையாக்கி எஸ்-21 என்று பெயரிட்டிருந்தார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் அங்கே வந்தார்கள், உயிரோடு வெளியேறியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கைதிகளில் பெரும்பகுதியினர் புரட்சிக்காரர்களே. சம்பானைச் சுற்றியிருந்த மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 1977 தொடக்கத்தில், வர்த்தகத்துக்குப் பொறுப்பாக இருந்த கோய் துவோனைப் பிடித்தார்கள். சம்பான் வேலை செய்த கட்சி அலுவலகத்தின் தலைவர் தோவுனைப் பிடித்தார்கள். ஏப்ரலில் ஹூ நிம்மைப் பிடித்தார்கள். ஆம், மூன்று பேய்களில் ஒருவர், அப்போது தகவல் அமைச்சர். எஸ்-21இல் அவரிடம் அடித்து அடித்து வாக்குமூலம் எழுதி வாங்கி, ஜூலை 6 அன்று கொன்றார்கள். ஹூ யூன் அதற்கும் முன்பே காணாமல் போயிருந்தார்.

ஹூ நிம் எஸ்-21க்குப் போன அதே ஏப்ரல் மாதம், புரட்சி வெற்றி நாளையொட்டி சம்பான் உரையாற்றினார். அணைகளையும் வாய்க்கால்களையும் புகழ்ந்தார். எதிரிகளிடம் விழிப்பாக இருக்க வேண்டும், அவர்களைத் தொடர்ந்து துடைத்தெறிய வேண்டும் என்றார். மூன்று பேர் காட்டுக்குப் போனார்கள், இரண்டு பேர் இல்லை, மூன்றாமவர் மேடையில் நிற்கிறார். 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த மாதம்தான் நினைவுக்கு வரும்.

அந்த அணைகள், வாய்க்கால்களுக்கு வருகிறேன். த்ராப்பியாங் த்மா அணை, ஜனவரி 1 அணை, கம்போங் ச்னாங் விமானதளம் என்ற மூன்று வேலைத்தளங்களைப் பற்றி மட்டும் நீதிமன்றம் மாதக்கணக்கில் சாட்சியம் கேட்டது. கூடையில் மண் சுமந்தவர்கள் வந்து சொன்னார்கள்: நாள் முழுக்க உழைப்பு, சாப்பாட்டுக்கு நீர்த்த கஞ்சி, அதில் சில பருக்கைகள். விளைந்த நெல்லில் ஒரு பகுதி சீனாவுக்கு ஏற்றுமதியானது, கணக்குப் பார்த்த வர்த்தகப் பிரிவில் சம்பானுக்குப் பங்கு இருந்தது. சுமார் 80 லட்சம் பேர் இருந்த நாட்டில், நான்கு ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் 15 முதல் 22 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது நீதிமன்றம் கணக்கில் எடுத்த மதிப்பீடு. பெரும்பாலோர் பசியிலும் நோயிலும் களைப்பிலும் போனவர்கள். உப்புக்கும் நெல்லுக்கும் கணக்கு வைத்த பொருளாதார டாக்டருக்கு இது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

சட்டம் இதை எப்படிப் பிடித்தது? 'கூட்டுக் குற்றச் செயல்' என்ற கோட்பாடு. அதிவேகத்தில் சோஷலிசப் புரட்சி என்பது அதனளவில் குற்றமல்ல, ஆனால் இவர்கள் அதை நிறைவேற்றிய வழிமுறைகளில் குற்றங்கள் அடங்கியிருந்தன, அந்தப் பொதுத் திட்டத்தைச் சம்பான் அறிந்தே ஏற்று முன்னெடுத்தார் என்றது நீதிமன்றம். அவருடைய பங்களிப்பாக அது எடுத்துக்கொண்டவற்றைப் பாருங்கள்: உரைகள், அறிக்கைகள், வெளிநாட்டு உறவுகள், கட்சி ஊழியர்களுக்கு நடத்திய அரசியல் வகுப்புகள். எல்லாமே சொல்லும் பெயரும்தான்.

அதே சமயம், கேட்டதையெல்லாம் நீதிமன்றம் கொடுத்துவிடவில்லை. 2014 ஆகஸ்ட் 7 அன்று வந்த முதல் தீர்ப்பு, நகரங்களைக் காலி செய்தது உள்ளிட்ட மனித குலத்துக்கு எதிரான குற்றங்களுக்கானது. 2016இல் மேல்முறையீட்டு அமர்வு அதில் சில பகுதிகளை, ஆதாரம் போதாது என்று நீக்கியது. ஆயுள் தண்டனை மட்டும் நின்றது. 2018 நவம்பர் 16 அன்று வந்த இரண்டாவது தீர்ப்பில் வேலைத்தளங்கள், எஸ்-21, கட்டாயத் திருமணங்கள், வியட்நாமிய வம்சாவளியினர்மீதான இனப்படுகொலை எல்லாம் வந்தன. சாம் முஸ்லிம்கள்மீதான இனப்படுகொலையில், கட்சியில் போல் பாட்டுக்கு அடுத்த இடத்தில் இருந்த நுவோன் சியாவைத்தான் குற்றவாளி என்றார்கள், சம்பானை அல்ல. 'இனப்படுகொலை' என்ற சொல்லில் பலர் குழம்புகிறார்கள். 1948 ஒப்பந்தப்படி ஓர் இனத்தையோ மதத்தையோ அந்த அடையாளத்துக்காகவே அழிக்கும் நோக்கம் வேண்டும். கெமர் மக்களையே கெமர்கள் கொன்ற பெரும்பான்மை மரணங்கள் அதற்குள் வராது. அவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள். தண்டனையில் அதனால் குறை ஒன்றும் இல்லை.

1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை புனோம் பென்னைப் பிடித்தது. கெமர் ரூஜ் தாய்லாந்து எல்லைக்கு ஓடியது. இப்போது உண்மைகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. சம்பானுக்கு விலகிக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது. நடந்ததோ தலைகீழ். அந்த ஆண்டு முடிவில், உலகம் வெறுத்த போல் பாட்டை முகப்பிலிருந்து நகர்த்திவிட்டுச் சம்பானைப் பிரதமர் ஆக்கினார்கள். ஐ.நா. இருக்கையையும் அவர்கள் தரப்பே வைத்துக்கொண்டது; பனிப்போர்க் கணக்கில் மேற்கு நாடுகளும் சீனாவும் அதற்குத் துணை நின்றன. அதே முகம், அதே வேலை, இரண்டாவது முறை. 1975க்கு முன் தன் முகத்தைத் தெரியாமல் கொடுத்தார் என்று ஒருவர் வாதாடினால்கூட, 1979க்குப் பின் கொடுத்ததற்கு என்ன சொல்வார்?

பாரிஸ் அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1991 நவம்பர் 27 அன்று புனோம் பென்னில் வந்து இறங்கினார். கூட்டம் அவர் தங்கிய வீட்டுக்குள் புகுந்து அடித்தது. தலையில் ரத்தம் வழிய நிற்கும் அவருடைய படம் உலகம் முழுக்க வந்தது. அன்றே பாங்காக் திரும்பினார். 1998 ஏப்ரலில் போல் பாட் இறந்தார், டிசம்பரில் சம்பானும் நுவோன் சியாவும் சரணடைந்தார்கள். பிரதமர் ஹூன் சென், குழி தோண்டிப் பழையதைப் புதைத்துவிடுவோம் என்று வரவேற்றார். பத்திரிகையாளர் சந்திப்பில் கேட்டுக் கேட்டு நெருக்கிய பிறகு, 'வருந்துகிறேன்' என்று வந்தது, பழையதை மறந்துவிடுங்கள் என்ற வேண்டுகோளோடு. அதன்பின் இருவரையும் அங்கோர் கோயிலுக்கும் கடற்கரைக்கும் சுற்றுலா அழைத்துப்போனார்கள். கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த பெண்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

2007 நவம்பர் 19 அன்றுதான் கைது, அதுவும் பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த மருத்துவமனையிலிருந்து. ஐ.நா.வும் கம்போடிய அரசும் சேர்ந்து அமைத்த நீதிமன்றம் அது. அதன்மேல் எனக்கும் குறைகள் உண்டு. 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 6 வரை நடந்ததை மட்டும் விசாரிக்கலாம் என்று வரம்பு கட்டியதால், அமெரிக்கக் குண்டுவீச்சு வெளியே நின்றுவிட்டது. 1980களில் கெமர் ரூஜுக்குச் சோறு போட்டவர்களும் அப்படியே. ஹூன் சென்னே 1977 வரை கெமர் ரூஜ் படையில் இருந்தவர். மேலும் பலரை விசாரிக்க விடமாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார், அந்த வழக்குகள் நீதிமன்ற வாசலைத் தாண்டவில்லை. 30 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, தண்டிக்கப்பட்டவர்கள் மூன்றே பேர்: எஸ்-21 சிறைத் தலைவர் டுச், நுவோன் சியா, சம்பான். மற்றவர்கள் தப்பினார்கள் என்பது உண்மை. ஆனால் அதனால் இவர் செய்தது குறைந்துவிடாது, அதை வைத்து இவரை விடுவிக்கச் சொல்வதும் சரியாகாது.

2017 ஜூன் மாதம் கடைசியாகப் பேசும்போது, கொலைகாரன் என்ற சொல்லை முற்றாக மறுப்பதாகச் சொன்னார். இறந்த அப்பாவிகளுக்குத் தலைவணங்குகிறேன் என்றும், நல்ல எதிர்காலம் வரும் என்று நம்பிப் போராடி மடிந்தவர்களுக்கும் தலைவணங்குகிறேன் என்றும் சேர்த்துச் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது அவரால்.

2022 செப்டம்பர் 22 அன்று இறுதித் தீர்ப்பு. அவருக்கு 91 வயது. சக்கர நாற்காலியில், முகக்கவசமும் காதில் ஹெட்போனுமாக உட்கார்ந்து, தன் மேல்முறையீட்டின் வாதங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற குற்றவாளிகள் எல்லாரும் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். நீதிமன்றத்தின் கடைசி வழக்கின் ஏட்டில் மீதியிருந்த ஒரே பெயர் அவருடையது.